திறக்கிற விரல்

டைல்ஸ்காரருடைய விரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது எல்லோரையும்போல அவருக்கும் இருந்திருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதை ஊரார் வீட்டுத் தரைகளுக்குக் கொடுத்துவிட்டார். டைல் பதித்துக் காய்ந்ததும் சந்துகளில் வெள்ளைச் சாந்தை அடைத்து ஒரே சீராக வழித்துவிட வேண்டும். அதற்கென்று ரப்பர் கட்டை கடையில் விற்கிறது. அவர் அதைத் தொடுவதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ஒரே இழுப்பு இழுப்பார். சுவர் ஓரம்வரை நூல் பிடித்தமாதிரி வரும். வீட்டுக்காரர்கள் வெறுங்காலோடு நடந்து பார்த்து, "தடவிக் கொடுத்தமாதிரி இருக்குய்யா" என்பார்கள். தடவித்தான் கொடுத்திருந்தார். தடவியதில் விரல் வழவழவென்று ஆகிவிட்டது.

மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். கண்ணாடிக்குக் கீழே வட்டமாக ஒரு பட்டன், அதைச் சுற்றி வெள்ளி வளையம். விரலை வைத்தால் ஆள் தெரிந்து திறந்துகொள்ளும். கடைக்காரப் பையன் அவர் கையைப் பிடித்து, "வைங்க சார், எடுங்க சார், மறுபடி வைங்க" என்று ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தான். கட்டைவிரல் எடுக்கவில்லை, ஆள்காட்டி எடுக்கவில்லை, சுண்டுவிரல்கூட எடுக்கவில்லை.

"வேற விரல் இருக்கா சார்?"

"கால்ல இருக்கு தம்பி. செருப்பைக் கழட்டவா?"

கடையே சிரித்தது. கூட நின்ற மனைவி, "தள்ளுங்க, உங்களால ஆன காரியம் இவ்வளவுதான்" என்று தன் வலது கட்டைவிரலை வைத்தாள். அவள் தையல்காரி. பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் தைப்பது அவள் வேலை. துணியைத் தள்ளித் தள்ளி விரல் வறண்டுதான் இருந்தது. முதலில் அதையும் எடுக்கவில்லை. விரலை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஹா என்று ஊதினாள். கண்ணாடி துடைக்க ஊதுவோமே, அப்படி. ஈரம் பட்டதும் எடுத்துக்கொண்டது. திரையில் ஒரு ரேகைப் படம் கோடு கோடாக நிரம்பி முடிந்தது.

இப்படியாக போன் அவருடையது, சாவி அவளுடையது என்று ஆயிற்று. அவசரத்துக்கு ஒரு நம்பரும் உண்டு. அதை வைத்தவளும் அவள்தான். வேலை இடத்தில் அவர் நம்பர் போட்டுத் திறப்பார். வீட்டுக்கு வந்ததும் போனை அவள் முன்னால் நீட்டுவார். அவள் தையல் மெஷினில் இருப்பாள், இல்லாவிட்டால் அடுப்படியில் இருப்பாள்.

"நம்பர் இருக்கில்ல?" என்பாள், ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பவளைப்போல.

"வெளியில நம்பர். வீட்டுக்குள்ள நீ."

"ஆமா, ரொம்பத்தான்." ஹா என்று ஊதி, விரலை வைத்துத் திறந்து கொடுப்பாள்.

அவரோடு சாந்து கலக்குகிறவன் இதை வேலை நடக்கிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். "அண்ணன் போனை அண்ணிதான் திறக்கணும். அண்ணன் ஒரு தப்புக்கும் லாயக்கில்லாத மனுஷன்." அவரும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் அது அவருக்குப் பெருமை.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது தையல் மெஷின் சத்தம் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தார். வெகுநேரம் சத்தம் வராமல்போகவே எட்டிப் பார்த்தார். அவள் துணிமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. வலது கை மெஷினுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது வலது பக்கம் அவளுக்குச் சொந்தமாக இல்லை. பேச்சும் போயிருந்தது. டாக்டர் கையில் பிடித்து அமுக்க ஒரு பந்து கொடுத்து, "விடாம பழக்குங்க, உணர்ச்சி கொஞ்சம் இருக்கு, வரும்" என்றார். பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. சில வாரம் கழித்து ஒன்றிரண்டு வார்த்தை குழறலாகத் திரும்பியது. அவற்றில் தெளிவாக வந்தது ஒன்றுதான். இடது கையால் வலது கையைத் தூக்கி, ஈரத்துணியைப் போடுவதுபோல மடியில் போட்டுவிட்டு, "செத்துப்போச்சு" என்பாள்.

அதைச் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். ஊட்டினால் வாயை மூடிக்கொண்டாள். பகலில் எதிர்வீட்டு அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவர் திரும்பியதும் வாசலிலேயே கிண்ணத்தைக் கொடுப்பாள். "அப்படியே இருக்கு தம்பி. நாலு வாய்கூட இறங்கல. உள்ளுக்குள்ள முடிவு பண்ணிட்டாளோன்னு பயமா இருக்கு."

மகள் வந்து சில நாள் இருந்துவிட்டு அழுதுகொண்டே போனாள். கைக்குழந்தைக்காரி, அவள் என்ன செய்வாள்? வீட்டில் பாத்திரச் சத்தம், மழைச் சத்தம், எதிர்வீட்டு டி.வி. சத்தம் மட்டும் மிச்சம். மெஷினுக்கு ஒரு துணி போட்டு மூடிவைத்தார். துணிக்குள் அது யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தது. அதனால் அந்தப் பக்கம் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். சோறு வடித்து, தட்டில் போட்டு, சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். போனில் எத்தனையோ பேருடைய பெயர் இருந்தது. கூப்பிட்டு என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் களைப்பில், பழக்க தோஷத்தில், வேலையிலிருந்து வந்தவர் நேராகக் கட்டிலுக்குப் போய் போனை நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் நினைவு வந்தது. கையை மடக்க மனம் வரவில்லை. குனிந்து, போர்வைமேல் கிடந்த அவளுடைய வலது கட்டைவிரலை எடுத்து, பட்டன்மேல் வைத்தார்.

திறந்துகொண்டது.

அவள் தலையைத் திருப்பி அதைப் பார்த்தாள். போனை, பிறகு விரலை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அந்தக் கையை அவள் நிதானமாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எல்லோரும் அந்தக் கையிடம் "தூக்கு, மடக்கு, பிடி" என்று கேட்டார்கள். அது தோற்றுக்கொண்டே இருந்தது. இந்தப் பட்டன் மட்டும் உனக்கு என்ன தெம்பு இருக்கிறது என்று கேட்கவில்லை. நீ அவள்தானே என்று மட்டும் கேட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவள் வாயைத் திறந்தாள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அவருக்குத் தெரியாது. கடவுளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பேசாமல் ஊட்டினார்.

அதன்பின் தினமும் அதே வழக்கமாயிற்று. சாயங்காலமானால் அவள் வாசலைப் பார்ப்பாள் என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள்.

கொஞ்ச நாளில் பட்டன் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது. விரலை வைத்தால் உறுமும், திறக்காது. மறுபடி வைக்க வேண்டும். அவள் முகம் ஒவ்வொரு தடவையும் சுருங்கிப்போகும். அவர் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பட்டன்மேல் மங்கலாக ஒரு வெள்ளைப் படலம். அவர் பையிலும் கையிலும் எப்போதும் இருக்கிற சாந்துத் தூசி, வியர்வையோடு சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. டைல் பதித்த வீட்டில் இதே படலத்தைத் தினமும் பார்க்கிற மனிதர் அவர். என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரியும். தண்ணீர் கலந்த ஆசிட்டை ஒரு துணியில் தொட்டு, தரையைத் துடைப்பதுபோல ஒரு துடை, பிறகு நல்ல தண்ணீரில் ஒரு துடை. பட்டன் புதிதாக மின்னியது. நல்ல காரியம் செய்த நிம்மதியோடு வேலைக்குப் போனார்.

சாயங்காலம் அவள் விரலை வைத்தார். உறுமல்கூட இல்லை. துடைத்து வைத்தார். தன் வாயால் ஊதி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மகளுடைய செய்தி வந்து திரை மினுங்கியது. குழந்தைக்கு ஜுரம் என்று காலையில் சொல்லியிருந்தாள். அவர் பதற்றத்தில் மனைவி எதிரிலேயே நம்பரைப் போட்டுத் திறந்தார்.

குழந்தைக்கு ஜுரம் விட்டிருந்தது. அவர் நிமிர்ந்தபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள்.

மறுநாள் கிண்ணம் நிரம்பியபடியே அவர் கைக்கு வந்தது. அதற்கு மறுநாளும். எதிர்வீட்டு அக்காவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன தம்பி சொன்ன அவளை? நல்லா வந்துட்டிருந்தாளே!"

"ஒண்ணும் சொல்லலக்கா. நம்பர் போட்டேன்."

"என்ன நம்பரு?"

அவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

மகள் போனில், "அப்பா, அந்தப் பழசைத் தூக்கிப் போடுங்க. மூஞ்சியைக் காட்டினா திறக்கிற போன் வந்திருக்கு, வாங்கி அனுப்புறேன்" என்றாள்.

"யாரு மூஞ்சியைம்மா?"

"உங்க மூஞ்சியைத்தான்."

"வேணாம்மா. என் மூஞ்சி இங்க யாருக்கு வேணும்?" என்று சிரித்ததுபோல் பேசிவிட்டு போனை வைத்தார்.

கடைத்தெருக் கோடியில் போன் ரிப்பேர் பார்க்கிற பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டியே இருப்பதால் எல்லோருக்கும் அவள் லென்ஸ் அக்கா. விடுமுறை நாளன்று அவர் அங்கே போனார். கடைப்படியில் ஒரு டைல் பெயர்ந்து ஆடியது. அவர் கால் அதை மிதிக்காமல் தானாக விலகி ஏறியது.

அவள் போனைப் பிரித்து உள்ளே பார்த்தாள். "என்னண்ணே ஊத்துனீங்க இதுல?"

"ஊத்தல தங்கச்சி. துடைச்சேன்."

"எதால?"

"ஆசிட்டால."

அவள் லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரை முழுசாகப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல டீயில முக்கினவங்களைப் பார்த்திருக்கேன், துவைக்கப் போட்டவங்களைப் பார்த்திருக்கேன். ஆசிட்டால குளிப்பாட்டினது நீங்கதாண்ணே."

"தரைக்கு ஒண்ணும் ஆகாதே."

"பட்டனுக்கும் ஒண்ணும் ஆகல, பாருங்க. மேல இருக்கிறது கண்ணாடி இல்ல, ஒரு கல்லு. வைரத்துக்கு அடுத்தபடி கெட்டின்னு சொல்லுவாங்க. மணல் போட்டுத் தேய்ச்சாலும் கீறாது. எத்தனை வருஷம் அமுக்கினாலும் தாங்கும். ஆனா வளையத்து ஓரமா ஆசிட் இறங்கி அடியில கரண்டு போற நாடாவைத் தின்னுடுச்சு. அது முடி மாதிரி மெல்லிசு."

அவர் தலையை ஆட்டினார். "டைலும் அப்படித்தான். டைல் எங்க போகுது? சந்துதான் போகும்." பிறகு, "வேற பட்டன் போட்டுடேன்" என்றார்.

"போடலாம். அமுங்கும். ஆனா விரல் தெரியாது. இந்தப் பட்டனும் உள்ள இருக்கிற சர்க்யூட் பலகையும் செய்யும்போதே ஒண்ணுக்கு ஒண்ணு அறிமுகம் பண்ணி வச்சது. புதுப் பட்டன் போய் 'விரல் வந்திருக்கு'ன்னு சொன்னா, பலகை 'நீ யாரு'ன்னு கேக்கும். திருடன் எவனாவது பொய்ப் பட்டனை மாட்டிடக் கூடாதுன்னு அப்படி. எதுக்குண்ணே வம்பு? நம்பர் தெரியுமில்ல, அதை வச்சு ஓட்டுங்க."

"நம்பர் போட்டா அவ சாப்பிட மாட்டேங்கிறா."

அவள் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, ஆதியோடந்தமாகச் சொன்னார். யாரிடமும் அவ்வளவு நேரம் பேசி வெகுநாளாகியிருந்தது. சொல்லி முடிந்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. "அவ விரலு உள்ளதானே இருக்கு? அதை மட்டும் எடுத்து வேற போன்ல வைக்க முடியாதா?"

"விரல் படம் உள்ள இல்லண்ணே. கோடு எங்க பிரியுது, எங்க முடியுதுங்கிற கணக்குதான் இருக்கு. அதையும் ஒரு பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருக்கும். நான் கேட்டாலும் தராது, செஞ்சவன் வந்து கேட்டாலும் தராது."

"அது எப்படித்தான் பார்க்குது?"

"பார்க்கிறது இல்ல, தடவுது. வளையத்துல தோல் பட்டதும் முழிச்சுக்கும். பொட்டு கரண்டு விடும், நமக்குத் தெரியாது. ரேகை மேடு தொடுற இடத்துல ஒரு அளவு, பள்ளத்துல ஒரு அளவு. உங்க விரல்ல மேடும் இல்ல பள்ளமும் இல்ல, அதான் திணறுது. அப்புறம், மேல் தோல் காய்ஞ்சதுதானே, அதுக்கு அடியில இருக்கிற உயிருள்ள தோலைத்தான் தேடும். செத்த விரலைக் கொண்டுவந்து வச்சா கதவைத் திறக்காது."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "மறுபடி சொல்லு தங்கச்சி."

"எதை?"

"கடைசியா சொன்னதை."

அவள் சொன்னாள். அவர் உதட்டை அசைத்து, மனப்பாடம் செய்கிற பிள்ளையைப்போல அதைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

லென்ஸ் அக்கா மேசை இழுப்பறையைக் கிளறி ஒரு போனை எடுத்தாள். அதே ஜாதிப் போன். முகம் நொறுங்கியிருந்தது. "இது ஒருத்தர் வேணாம்னு எனக்கே குடுத்துட்டுப் போனது. பட்டனும் பலகையும் கூடப் பிறந்ததுங்க, பிரியல. உங்க போன் கண்ணாடியைக் கழட்டி இதுக்கு மாட்டிடறேன். படம், நம்பர் எல்லாம் மாத்திடலாம். விரலை மட்டும் புதுசா பதியணும். இடது கை நல்லாத்தானே இருக்கு? அதைப் பதிஞ்சிடுங்க, சுலபம்."

"இடது கைக்கு வேலை இருக்கு தங்கச்சி. வலது கைக்குத்தான் ஒண்ணும் இல்ல."

அவள் லென்ஸைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு திருப்புளியை எடுத்தாள்.

அவர் சும்மா இருக்க மாட்டாமல் வெளியே போனார். அடுத்த தெருவில் பாதியில் நிற்கிற வேலையிலிருந்து ஒரு கரண்டி சாந்தும் சந்துக்குக் கொஞ்சம் வெள்ளைச் சாந்தும் வாங்கிவந்தார். படியில் உட்கார்ந்து, ஆடிய டைலை நெம்பி எடுத்து, அடியில் இருந்த பழசைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, புதுச் சாந்து பரப்பி, டைலை இறக்கி, கைக்கட்டையால் மெல்லத் தட்டினார். பொத்தென்ற சத்தம் மாறி டக்கென்று கேட்கிறவரை தட்டினார். கடைசியில் விரலால் சந்தை வழித்துவிட்டார். உள்ளே அவள் மூச்சுவிடாமல் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் தூறல் பிடித்தது. இரண்டு பேரும் அவரவர் வேலையில் குனிந்திருந்தார்கள். பேச்சே இல்லை. ஆனாலும் அவருக்கு அன்றைக்குத்தான் துணைக்கு ஆள் இருப்பதுபோல் இருந்தது.

"காசு?" என்றார் கிளம்பும்போது.

"படியில வயசானவங்க எத்தனை பேரு தடுக்கினாங்க தெரியுமா? போங்கண்ணே. காயுற வரைக்கும் மிதிக்காம, தாண்டிப் போங்க."

வீட்டுக்கு வந்தபோது மழை வலுத்திருந்தது. எதிர்வீட்டு அக்கா கிண்ணத்தை நீட்டிவிட்டுப் போனாள். நிரம்பித்தான் இருந்தது. அவர் கையை ஒன்றுக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கட்டில் ஓரமாக உட்கார்ந்தார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏம்மா. இது வேற போன். இதுக்கு உன்னைத் தெரியாது. என்னையும் தெரியாது. வர்ற வழியில என் விரலை வச்சுப் பார்த்தேன். போடா வேலையைப் பாத்துக்கிட்டுன்னுடுச்சு."

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்.

"ரிப்பேர்காரப் பொண்ணு ஒண்ணு சொன்னா. இது செத்த விரலை எடுக்காதாம். உயிருள்ள தோலாப் பார்த்துத்தான் திறக்குமாம். அந்தப் பழசு உன் விரலுக்கு எத்தனை நாள் திறந்துச்சு, நீயே கணக்குப் பாரு. அது கெட்டது என்னால. ஆசிட் போட்டுட்டேன். உன் விரல்மேல ஒரு குத்தமும் இல்ல."

மழை ஓட்டுச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவள் தலை திரும்பியது. கண் அவரைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தது.

அவர் வலது கட்டைவிரலை எடுத்தார். அப்போதுதான் கவனித்தார்: இத்தனை மாதம் துணி தள்ளாமல் கிடந்ததில் தோல் மிருதுவாகி, தேய்ந்துபோன கோடுகள் எல்லாம் குழந்தை விரலில் இருப்பதுபோல் புதிதாக எழும்பியிருந்தன. பட்டன்மேல் வைத்தார். போன் மெல்ல அதிர்ந்தது. திரையில் வெறும் வெள்ளையாக இருந்த ரேகைப் படத்தில் ஒரு கோடு நிறம் பிடித்தது. விரலை எடுக்கச் சொன்னது, எடுத்தார். வைக்கச் சொன்னது, வைத்தார். இன்னொரு கோடு. எடுத்தார், வைத்தார்.

பாதி படம் நிரம்பியபோது நின்றுவிட்டது. சாய்த்து வைத்தார், எடுக்கவில்லை. அழுத்தி வைத்தார், எடுக்கவில்லை. அவர் நெற்றி வியர்த்தது. போன் வழுக்கியது. இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, "அப்பா கடவுளே, இது ஒண்ணு" என்று முணுமுணுத்தார்.

ஹா என்று ஒரு சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தார். அவள் இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, தூக்கி, வாய்ப் பக்கம் கொண்டுபோயிருந்தாள். கோணிப்போன உதட்டால் ஊதியதில் பாதிக் காற்று வீணாகப் போயிற்று. இன்னொரு தடவை ஊதினாள். பிறகு அந்த விரலை அவளே கொண்டுவந்து, தவறவிட்டு, மறுபடி தேடி, பட்டன்மேல் வைத்தாள்.

போன் அதிர்ந்தது. ஒரு கோடு ஏறியது.

அவர் போனை ஆடாமல் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. எடுப்பதும் அவள், வைப்பதும் அவள். மூச்சு வாங்கியபோது நிறுத்தினாள். மழைக்கு எங்கும் அவசரமில்லை, அவருக்கும் இல்லை. கடைசிக் கோடும் நிரம்பி, முடிந்தது என்று போன் சொன்னபோது அவள் தலையணையில் சாய்ந்து கிடந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை, ஒரு வீட்டுத் தரையை முழுசாகப் பதித்து முடித்தவள்போல.

அவர் கஞ்சியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார். வாயைத் திறந்தாள். ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, போன் திரையை அணைத்து, ஒரு காரணமும் இல்லாமல், திறப்பதற்காக மறுபடி அவள் முன்னால் நீட்டினார்.

அவள் அவரைப் பார்த்தாள். நாக்கு புரண்டு புரண்டு ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

"நம்பரு... இருக்கில்ல?"

பதில் சொல்லாவிட்டால் அவள் விடமாட்டாள் என்று தெரியும்.

"வெளியில நம்பர்," என்றார். "வீட்டுக்குள்ள நீ."